எங்கள் காரின் முன்கண்ணாடிக்குக் கை கொடுத்த எல்லோருக்கும்

கண்ணாடி மாட்டித் தந்த அன்புள்ள பாய்க்கும், காரைக்குடி ஐயாவுக்கும் ஆச்சிக்கும், சென்னை கண்ணாடிக் கடை அண்ணாச்சிக்கும், லண்டன் அக்காவுக்கும், அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசலில் வியர்வை வழிய நின்ற அத்தனை பேருக்கும்,

தனித்தனியாகப் போன் போட்டுச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் போனில் நீங்கள் யாரும் என்னை முழுதாகப் பேச விடமாட்டீர்கள், "அட விடுப்பா" என்று பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன். பாய்க்கு அவர் மகன் படித்துக் காட்டட்டும், குறிப்பாக நான் திட்டு வாங்க வேண்டிய இடத்தை விடாமல்.

வண்டியைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்களுடையது 1966 ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார், இரண்டு கதவு, 948 சிசி. இத்தாலிக்காரர் மிக்கெலாட்டி வரைந்த உருவம், இங்கிலாந்தில் 1959ல் டிரையம்ப் ஹெரால்டு என்று வந்தது, 1961 முதல் நம் சென்னை வண்டலூர்ப் பக்கத்து ஆலையிலேயே ஸ்டாண்டர்டு என்ற பெயரில் செய்தார்கள். தாத்தா 1974ல் கைமாற்றி வாங்கியது. அப்பா அதில்தான் ஓட்டப் பழகினார். இந்த ஆவணியில் அவருக்கு எழுபது, பீமரத சாந்திக்குக் கோயிலுக்கு இதில்தான் போவேன் என்று ஒரே பிடிவாதம்.

சித்திரையில், விராலிமலை தாண்டி, முன்னால் போன ஜல்லி லாரியிலிருந்து ஒரு கல். "டப்" என்று ஒரு சத்தம்தான், மறு நொடி கண்ணாடி முழுக்க வெள்ளை, எதிரே ஒன்றும் தெரியவில்லை. பழைய டஃபன்டு கண்ணாடி, அதாவது சூடாக்கிக் கெட்டிப்படுத்திய ஒற்றைக் கண்ணாடி, அப்படித்தான், ஓர் இடத்தில் பட்டால் மொத்தமும் கற்கண்டாகிவிடும். அப்பா துண்டைக் கையில் சுற்றி ஒரு குத்து விட்டு, அந்த ஓட்டை வழியாகப் பார்த்து ஓரம் கட்டினார். இன்றும் அந்த நொடியை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. அவருக்கு ஒரு கீறல் இல்லை, ஆனால் மடி நிறையக் கண்ணாடித் துண்டு.

அடுத்த சிக்கல் அங்கேதான். புதிதாகச் செய்து வாங்கலாம் என்றால் கண்ணாடிக் கடையில் முதலில் கேட்பது "பழைய கண்ணாடி கொண்டா" என்று. வளைவு எடுக்க மாதிரி வேண்டும். எங்களிடம் இருந்ததோ ஒரு சாக்கு நிறையச் சில்லு.

காரைக்குடி ஐயா, உங்களை நான் அதற்கு முன் பார்த்ததுகூடக் கிடையாது. யாரோ நம்பர் கொடுத்தார்கள், கூப்பிட்டேன், மாதிரி எடுக்க உங்கள் ஹெரால்டின் முன்கண்ணாடியைக் கழற்றித் தர முடியுமா என்று ஒரு முட்டாள் கேள்வி கேட்டேன். ஓடுகிற வண்டி அது. நீங்கள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "காலையில வெயில் ஏறுறதுக்குள்ள வந்துருங்க" என்றீர்கள்.

பாய் அங்கே கழற்றியதைப் பார்த்துத்தான் இந்த வேலை எனக்குப் பிடிபட்டது. முதலில் கண்ணாடியைச் சுற்றிப் பிடித்திருக்கும் ரப்பர் பீடிங்கின் நடுக் காடியில் ஓடும் பளபளப் பட்டையை உருவி எடுத்தார். ரப்பர் காய்ந்து கருவாடு மாதிரி இருந்ததால் அதை நெம்பவே இல்லை, வெளி உதட்டை பிளேடால் சுற்றிலும் அறுத்தார். ஐயாவின் முகம் போன போக்கைப் பார்த்து, "ரப்பர்தான் ஐயா போகுது, கண்ணாடி பத்திரம்" என்றார். பிறகு உள்ளே சீட்டில் சாய்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, வெறும் பாதத்தை மேல் மூலையில் வைத்து மெல்ல மெல்ல அழுத்தினார். வெளியே நானும் பாயின் பையனும் ஏந்திக்கொண்டோம். ஆச்சி, அதற்கப்புறம் நீங்கள் கொடுத்த காபியை நான் கை நடுங்கித் தரையில் ஊற்றினேன், மன்னிக்கவும்.

அண்ணாச்சி அந்தக் கண்ணாடியை வைத்து அச்சு செய்து, இரண்டு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக உலையில் வளைத்து, நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டி லாமினேட்டடாகச் செய்து தந்தார். கல் பட்டாலும் இது விரிசல் விடுமே தவிர உதிராது. மொத்தக் கனம் ரப்பர் காடிக்குச் சரியாக இருக்க வேண்டும் என்று மூன்று முறை அளந்தார். ஒன்று போதும் என்றேன். "அச்சுக்குத்தான் தம்பி காசு, ரெண்டா எடுத்துக்கோங்க" என்றார். வியாபாரம் பண்ணுகிறார் என்று மனதுக்குள் நினைத்தேன். அதற்கும் சேர்த்து இங்கே மன்னிப்பு.

ரப்பர் இங்கே கிடைத்தபாடில்லை. இங்கிலாந்தில் இன்னும் அந்த வண்டிக்குப் புதிதாகச் செய்கிறார்கள். அக்கா, பெட்டியில் மாமா சட்டைக்குப் பதிலாக இரண்டு சுருள் கறுப்பு ரப்பர் சுருட்டிக்கொண்டு வந்து, விமான நிலையத்தில் இது என்ன என்று கேட்டவரிடம் ஹெரால்டின் சரித்திரமே சொன்னாயாமே. ஒன்று எங்களுக்கு, ஒன்று ஐயாவுக்கு. அவர் கண்ணாடி திரும்பப் போய் உட்கார்ந்த அன்றுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

இனி என் அழகு. ஆனி கடைசி ஞாயிறு, எங்கள் வண்டிக்கு மாட்டும் நாள். மேல் இடது மூலை மட்டும் இறங்க மாட்டேன் என்றது. பாய், "தொழுதுட்டு வர்றேன், யாரும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் தொட்டேன். உள்ளங்கையால் ஒரே தட்டு. மூலையிலிருந்து பாதி வரை ஒரு கோடு ஓடியது, சத்தம்கூடப் பெரிதாக இல்லை.

பாய் வந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு என் விரலைப் பிடித்து அந்தத் தகர விளிம்பில் வைத்து ஓட்டினார். அந்த மூலையில் ஒரு மேடு. எந்தக் காலத்திலோ யாரோ வெல்டு வைத்து மேலே பட்டி பூசி மறைத்த இடம். "கண்ணாடி எங்கேயும் இரும்பைத் தொடக் கூடாது தம்பி, ரப்பர்லதான் மிதக்கணும்." கீழ் மூலைகளைச் சுரண்டினால் தகரம் பிஸ்கட்டாக உதிர்ந்தது. முன்பு எவரோ புளிச்ச வாடை அடிக்கும் சிலிக்கானை அப்பியிருக்கிறார்கள். அது காயும்போது வெளிவரும் அமிலம் வெறும் இரும்பைத் தின்னும் என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

இரண்டாவது கண்ணாடியை அன்றே மாட்டச் சொன்னேன். பாய் மறுத்துவிட்டார். அப்பாவின் விசேஷத்துக்கு நாள் நெருங்குகிறதே என்று கத்தினேன், நீங்கள் வேலையை இழுக்கிறீர்கள் என்றுகூடச் சொன்னேன். அதை நீங்கள் மறந்திருக்கலாம், என்னால் முடியவில்லை பாய். மூன்று வாரம் டிங்கர் அண்ணன் துருவை வெட்டி, புதுத் தகரம் வைத்து, மேட்டை உப்புத்தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, பெயின்ட் அடித்து முடிக்கும்வரை வண்டி தார்ப்பாயில் கிடந்தது. அண்ணே, கூலியில் பாதியை "பெரியவர் விசேஷத்துக்கு மொய்" என்று திருப்பித் தந்தீர்களே, அதை என்ன கணக்கில் எழுதுவது?

ஆடியில் மறுபடி. ரப்பரை மொட்டைமாடி வெயிலில் ஒரு மணி நேரம் போட்டு இளக வைத்தோம். கண்ணாடியைச் சுற்றி ரப்பரை மாட்டி, தகர விளிம்பு உட்கார வேண்டிய வெளிக் காடியில் பம்பரக் கயிறு கனத்துக்கு ஒரு நைலான் கயிறு, முனைகள் இரண்டும் கீழே நடுவில் ஒரு முழம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும்படி. ஹெரால்டில் முன்பக்கம் மொத்தமும் ஒரே பானட்டாக முன்னால் கவிழும், அதனால் இரண்டு பேர் டயர் மேலேயே உட்கார்ந்து கண்ணாடியை அழுத்த முடிந்தது. பத்து ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட் தீர்ந்தது. உள்ளே கயிறு இழுத்தது அப்பா. பாய்தான் அவரை உட்கார வைத்தார். கயிறு ஓர் அங்குலம் வெளியே வந்தால் ரப்பர் உதடு ஓர் அங்குலம் "ப்ளக்" என்று தகரத்தைத் தாண்டி உள்ளே விழும். வெளியே எதிர்வீட்டுத் தம்பிகள் கயிறு போகும் இடத்துக்கே கையை நகர்த்தி அழுத்தினார்கள். மேல் இடது மூலையில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அம்மா அடுக்களையிலிருந்து அகப்பையைக் கொண்டுவர, அதன் காம்பால் பாய் உதட்டை நீவிவிட்டார், விழுந்தது.

பிறகு காயாத கறுப்பு சீலன்ட், பளபளப் பட்டை, எல்லாம் அரை மணி. சீட்டிலும் கீழேயும் செய்தித்தாள் விரித்து மேலே பத்து நிமிடம் குழாய்த் தண்ணீர் அடித்தோம். தாள் காய்ந்தே இருந்தது.

ஆவணியில் அப்பாவும் அம்மாவும் அதில்தான் கோயிலுக்குப் போனார்கள். பாய் பக்கத்தில் உட்காரச் சொன்னதற்கு மாட்டேன் என்று ஸ்கூட்டரில் பின்னால் வந்தார், வைப்பர் ஆடுகிறதா என்று பார்க்கவாம்.

விரிசல் விட்ட கண்ணாடி மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. அதை மாதிரியாக வைத்து வளைவு எடுக்கலாம் என்று அண்ணாச்சி சொன்னார். யாருக்காவது ஹெரால்டுக்கு வேண்டுமென்றால் கேளுங்கள், இனி ஓடுகிற வண்டியிலிருந்து யாரும் கழற்ற வேண்டாம். கயிறும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை என்றால் நாங்களே வருகிறோம், மதியச் சாப்பாடு மட்டும் உங்கள் செலவு.