காறல் வாடை கலப்படத்துக்குச் சாட்சியா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பின் சமையல் பக்கத்தில், 'எண்ணெயில் காறல் வாடை வந்தால் அது கலப்பட எண்ணெய் என்று அறிக' என ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். கும்பகோணம் பக்கம் செக்கு வைத்துப் பிழைக்கிறவன் நான். திங்கட்கிழமை காலையிலேயே வாடிக்கைக்கார அம்மா ஒருவர் ஈயம் தேய்ந்த பித்தளைத் தூக்கைக் கல்லா மேல் ணங்கென்று வைத்து, "என்னத்தப்பா கலந்த இதுல?" என்றார். திறந்தால் விளிம்பெல்லாம் பழைய எண்ணெய் பிசினாய் இறுகிக் கிடக்கிறது. அதன் மேலேயே புதிதை ஊற்றி, சன்னலோர வெயிலில் வைத்திருக்கிறார்.

தாங்கள் அறியாததல்ல, கலப்படமே இல்லாத கடலை எண்ணெயும் காறும். வெளிச்சமோ சூடோ பித்தளையிலுள்ள செம்போ பட்டு எண்ணெய் மூலக்கூறு ஒன்று ஹைட்ரஜனை இழந்தால், ஜோடியில்லாத எலக்ட்ரானோடு நிற்கும். அதற்குத்தான் தனி உறுப்பு (ஃப்ரீ ராடிக்கல்) என்று பெயர். காற்றிலுள்ள ஆக்சிஜன் வந்து ஒட்டும். ஒட்டியும் ஜோடி சேர்ந்தபாடில்லை. பறிகொடுத்தவன் அடுத்தவன் மடியில் கைவைப்பதுபோல், பக்கத்து மூலக்கூறின் ஹைட்ரஜனைப் பிடுங்கும். இப்போது அந்தப் பக்கத்து மூலக்கூறு தனி உறுப்பு. தொடங்கிவைக்க ஒன்று போதும், வரிசையாகப் போய்க்கொண்டே இருக்கும். இரண்டு தனி உறுப்புகள் தங்களுக்குள் சேர்ந்துகொண்டால்தான் அந்தச் சங்கிலி அறும். ஆக்சிஜன் ஒட்டியது ஹைட்ரஜனைப் பிடுங்கியதும் பெராக்சைடு என்ற சேர்மமாகிறது. அந்தப் பெராக்சைடுகள் உடைந்து வரும் ஆல்டிஹைடுகள் என்ற சேர்மங்கள்தான் அந்த வாடை. உடையும்போது புதுத் தனி உறுப்புகளும் பிறக்கும். பழைய எண்ணெய் மேல் புதிதை ஊற்றாதீர்கள் என்று தொண்டை வற்றக் கத்துவது அதனால்தான். நல்லெண்ணெய் சீக்கிரம் காறாது. அதிலுள்ள செசமால் என்ற பொருள் தன் ஹைட்ரஜனைக் கொடுத்துவிட்டு, யாரிடமும் பிடுங்காமல் அடங்கிவிடும்.

உங்களுக்கு இது புதிதுமல்ல. போன வருடம் பிளஸ் டூ வினா விடைப் பக்கத்தில் மீத்தேன், குளோரின் வினையைப் போட்டு, வெயிலில் பிளந்த குளோரின் ஒன்றின் தலையில் பிளஸ், இன்னொன்றின் தலையில் மைனஸ் என்று அச்சடித்தீர்கள். அவையும் தனி உறுப்புகள்தான்; ஆளுக்கொரு எலக்ட்ரானாகச் சரிபாதி பிரிந்தால் மின்சுமை எங்கிருந்து வரும்? என் மகள் அதை நம்பி எழுதி மதிப்பெண் இழந்தாள். கடிதம் போட்டேன், பதிலில்லை. மருத்துவப் பக்கத்திலோ தனி உறுப்பு என்றாலே விஷம். அதே பக்கத்தின் அடியில் அதை விரட்டும் பொடிக்கு விளம்பரம். ரொம்ப வசதி. ராசிபலனில் ஒரு நட்சத்திரம் விடுபட்டால் மறுநாளே வருத்தம் தெரிவிக்கிறீர்கள். பி.எஸ்சி. வேதியியல் படித்துவிட்டுச் செக்கு ஓட்டுகிறவன் கடிதம் எந்தக் கூடையில் கிடக்கிறதோ!

போகட்டும். அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் இரண்டு வரி போடுங்கள்: காறல் வாடையை மட்டும் வைத்துக் கலப்படம் என்று சொல்ல முடியாது, எவர்சில்வர் பாத்திரத்தைக் கழுவித் துடைத்து, புது எண்ணெயை ஊற்றி மூடி, வெயில் படாமல் வையுங்கள் என்று. இடமில்லை என்றால் அந்தப் பொடி விளம்பரத்தை ஒரு விரற்கடை சுருக்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் பழைய சந்தாதாரர்,
கும்பகோணம்.