ஒவ்வோர் ஆய்வகத்திலும் ஒரு தாழ்வான மேசை வேண்டும்

உயர்கல்வி நிலையங்களின் அறிவியல், பொறியியல் துறைத் தலைவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் ஒரு பலதுறைத் தொழிற்கல்லூரிக்கு என் மகளை அழைத்துப் போயிருந்தேன். வேதிப் பொறியியல் படிக்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. சக்கர நாற்காலியைப் பார்த்த அலுவலர், “கணினிப் படிப்பு பாருங்களேன், உட்கார்ந்தே செய்யலாம்” என்றார். அன்பாகத்தான் சொன்னார். எம்ஆர்டி ரயிலில் வீடு வந்து சேரும்வரை அவள் வாய் திறக்கவில்லை.

உயர்நிலைப் பள்ளியிலும் இதே கதைதான். திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விடும், அளவுக்கோடுகள் போட்ட நீண்ட கண்ணாடிக் குழாயான பியூரெட்டின் அளவைக் கண்மட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், கீழிருந்து பார்த்தால் பிழையாகும் என்பது முதல் நாள் பாடம். அவளுக்கோ அந்தக் கோடு தலைக்கு மேலே இருந்தது. தோழி பார்த்துச் சொல்வாள், இவள் எழுதிக்கொள்வாள். குடுவையில் இளஞ்சிவப்பு தட்டும் அந்த ஒரு சொட்டில் திருகை மூடும் பக்குவம் கைக்குத்தான் வரவேண்டும். இரண்டு ஆண்டுகளில் அவள் கை அந்தத் திருகைத் தொட்டதே இல்லை. மதிப்பெண் மட்டும் நன்றாக வந்தது.

நான் கேட்பது ஒன்றுதான். ஒவ்வோர் ஆய்வகத்திலும் உயரத்தை ஏற்றி இறக்கக்கூடிய ஒரு மேசை. முழங்கால் உள்ளே போக இடம். தண்ணீர்க் குழாயும், வேதிப்பொருள் மேலே தெறித்தால் கழுவிக்கொள்ளும் அவசரக் குளிப்புக் குழாயின் இழுபிடியும் உட்கார்ந்தபடியே எட்ட வேண்டும்.

உடற்குறையுள்ளோர் உரிமைகளுக்கான ஐநா உடன்படிக்கையைச் சிங்கப்பூர் 2013இல் ஏற்றது. 2030க்குள் வேலைசெய்யும் வயதிலுள்ள உடற்குறையுள்ளோரில் 40 விழுக்காட்டினர் வேலையில் இருக்க வேண்டும் என்பது சிங்கப்பூரின் இலக்கு. சாய்தளமும் மின்தூக்கியும் வந்துவிட்டன, அதற்கு நன்றி. ஆனால் அந்த 40 விழுக்காட்டில் எங்கள் பிள்ளைகள் எந்த வேலையில் இருக்க வேண்டும் என்று யார் முடிவு செய்வது?

மூன்று வயதில் பார்வையிழந்து, பின்னாளில் சங்கு, சிப்பி ஆய்வில் பெயர்பெற்ற அறிவியலாளரான கீராட் வெர்மே, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராகச் சேர நேர்காணலுக்குப் போனார். அங்கிருந்த பேராசிரியருக்கு ஐயம். ஆனாலும் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போய்ச் சங்குகளைக் கையில் கொடுத்தார். தடவிப் பார்த்தே வெர்மே இனம் சொன்னார், இடமும் கிடைத்தது. என் மகள் கையில் இதுவரை யாரும் எதையும் கொடுத்துப் பார்க்கவில்லை. பார்த்த மாத்திரத்தில் பதில் சொல்லிவிடுகிறார்கள்.

கோபத்தில் எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள். விண்ணப்பக் காலம் நெருங்குகிறது. அப்படியொரு மேசை உங்கள் ஆய்வகத்தில் இருக்கிறதா, இல்லையென்றால் எப்போது வரும் என்று அன்புகூர்ந்து தெரிவியுங்கள். அதை வைத்துத்தான் அவள் எங்கே விண்ணப்பிப்பது என்று முடிவெடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு தாய்