அண்ணனுக்கு, அம்மாவின் வருஷ நினைவுக்கு முன்னால்

அண்ணே,

நீ போதகர் என்பதால் சபையார் முன்னால் உன்னை 'ஐயா' என்று கூப்பிட்டே பழகிவிட்டது. இங்கே அண்ணன் என்றே எழுதுகிறேன்.

அம்மாவின் வருஷ நினைவு ஆராதனை நோட்டீஸ் வாட்ஸ்அப்பில் வந்தது. நான் வரப்போவதில்லை. அன்றைக்கு மட்டும் இல்லை, இனி ஞாயிற்றுக்கிழமைகளிலும் வரமாட்டேன். போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ உடனே ஜெபிக்க ஆரம்பிப்பாய், நானும் ஆமென் சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். இப்படி ஊர் படிக்கிற இடத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். ஆனால் பேதுருவைப் பவுல் எல்லார் முன்னாலும்தான் கேட்டார். கலாத்தியர் 2-ம் அதிகாரம், நீயே எத்தனையோ முறை பிரசங்கம் பண்ணியது. அந்தியோகியாவில் புறஜாதியாரோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்ட பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பந்தியை விட்டு விலகினார். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு முத்துப்பட்டணம் வீடுதான் ஞாபகம் வரும். பிள்ளையார் நோன்பன்று இழை எடுத்து முடித்து பக்கத்து வீட்டு ஆச்சி தட்டில் வைத்து அனுப்பும் கருப்பட்டிப் பணியாரத்தை, சபையார் யாராவது வீட்டில் இருந்தால் நீ தொடமாட்டாய். யாரும் இல்லாத வருஷம் அடுப்படியில் நின்றபடி எத்தனை தின்றாய் என்று அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கோபப்படாதே. நீ சாப்பிட்டது தப்பு என்று நான் சொல்லவில்லை.

நகையைக் கழற்றினால்தான் நம் சபையில் ஞானஸ்நானம். அம்மாவின் ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் ராத்திரியைப் பற்றி நாம் பேசியதே இல்லை. அம்மா முற்றத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இடது காதுத் தோடு வந்துவிட்டது. வலது காதில் திருகாணி அசையவில்லை. கல்யாணத்தில் போட்டது, அழுக்கேறி இறுகிப்போயிருந்தது. தேங்காயெண்ணெய் விட்டோம். சோப்புத் தண்ணீர் விட்டோம். நான் டார்ச் பிடிக்க, நீ சைக்கிள் பெட்டியிலிருந்து குறடு எடுத்து வந்தாய். "விடுடா, ஆண்டவருக்கு அப்படி என்ன அவசரம்" என்று அம்மா சிரித்தாள். நீ சிரிக்கவில்லை. குறடு வழுக்கி மடலில் பட்டு, ஒரு சொட்டு ரத்தம் அவள் ரவிக்கையில் விழுந்தது. அப்புறம் தோடு வந்தது. அந்தத் தோடு பிறகு எங்கே போனது என்பதை இங்கே எழுதமாட்டேன். உனக்குத் தெரியும், அது போதும்.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. மறுநாள் காலையிலேயே அம்மா விளக்குமாற்றிலிருந்து ஈர்க்கு ஒடித்து இரண்டு காதிலும் செருகிக்கொண்டாள். காது தூர்ந்து போய்விடக்கூடாதாம். ஈர்க்கு இற்றுப்போனால் வேறு ஒன்று. முக்காட்டைக் காது மறைய இழுத்துவிட்டு, உன் பிரசங்கத்துக்கு முன்வரிசையில் உட்கார்ந்து அல்லேலூயா சொன்னாள். கடைசியில் குளிப்பாட்டும்போது பெண்கள் பார்த்து என்ன இது என்று கேட்டார்கள். நான்தான் எடுத்தேன். அப்போது நீ வாசலில் பந்தல்காரரோடு பேசிக்கொண்டிருந்தாய்.

இதைச் சொல்லி உன்னை அழவைக்க வேண்டும் என்று ஒரு நேரம் நினைக்கிறேன். இன்னொரு நேரம், ராத்திரி ஒரு மணிக்கு வீட்டுக்குக் கூட்டிவர ஆள் தேட வேண்டியிருந்த அந்தப் பழைய அண்ணனை நினைக்கிறேன். நீ குடியை விட்டது உண்மை. அந்த வருஷம் நம் வீட்டில் மூன்று வேளை அடுப்பு எரிந்ததும் உண்மை. குமாரன் விடுதலையாக்கினால் மெய்யாகவே விடுதலை என்று யோவானில் இருப்பதை நான் பைபிளில் படிப்பதற்கு முன்னால் உன் முகத்தில்தான் பார்த்தேன். யார் எதைக் கேட்டாலும் இதை மறுக்கமாட்டேன்.

ஆனால் உனக்கு வந்த விடுதலைக்கு நாங்கள் ஏன் வரி கட்டினோம்? அம்மா சருகணிப் பக்கத்துக் கத்தோலிக்கப் பெண். ஓரியூர் திருவிழாவுக்கு நடந்து போய் வளர்ந்தவள். புனிதர் அருளானந்தர் என்ற பாதிரியாரை அங்கே வெட்டிய இடத்துச் செம்மண்ணை ஒரு சின்ன டப்பாவில் வைத்திருந்தாள், விக்கிரகம் என்று நீ அதைக் கொல்லையில் கொட்டினாய். அந்தக் கதையை அவள் எப்படிச் சொல்வாள், நினைவிருக்கிறதா? மறவர் தலைவர் தடியத்தேவர் அவரிடம் ஞானஸ்நானம் வாங்குவதற்காக ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிடுகிறார். அதில் இளையவள் ராமநாதபுரம் ராஜா சேதுபதி வீட்டுப் பெண், அவள் போய் முறையிட்டாள், 1693 பிப்ரவரி 4-ம் தேதி பாதிரியார் தலை போனது. எல்லாரும் அதோடு கதையை முடிப்பார்கள். அம்மா மட்டும் கேட்பாள்: "அனுப்பிவிட்ட அந்தப் பொம்பளைகளுக்கு அப்புறம் யார் சோறு போட்டா?" புனிதரைக் குறை சொல்லவில்லை அவள், அவருக்கு மெழுகுவர்த்தி ஏற்றியவள்தான். அவளுக்கு அந்தக் கணக்கும் வேண்டியிருந்தது.

என் கணக்கும் கொஞ்சம் இருக்கிறது. முன்னோருக்கு வைக்கும் படைப்புக்கும் கோயில் விசேஷத்துக்கும் பலகாரம் போடக்கூடாது என்றாய். அதிரசம், மனகோலம், சீப்புச்சீடை என்று இந்த ஊரில் நாலு வீட்டுக்குப் போட்டுப் பிழைக்கிறவள், வந்த ஆர்டரையெல்லாம் திருப்பி அனுப்பினேன். அதிகாலை ஜெபத்துக்கு எழாத அன்று எண்ணெய் பொங்கினால்கூட தண்டனை என்று நினைத்தேன். சின்னவனுக்குக் காய்ச்சல் வந்தபோது தசமபாகத்தில் என்ன விட்டுப்போனது என்று நோட்டைப் புரட்டினேன். மறுபடியும் பயப்படுகிறதற்கான அடிமைத்தனத்தின் ஆவியை நீங்கள் பெறவில்லை என்று ரோமர் 8 சொல்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டே பயந்தேன்.

இப்போது வருகிற ஆர்டரை எடுக்கிறேன். கடையில் விற்கிறதை மனச்சாட்சியை விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடலாம் என்று கொரிந்தியருக்கு எழுதியவர் பவுல்தானே. பலவீனமான சகோதரனுக்கு இடறலாகக்கூடாது என்றும் அவர்தான் எழுதினார் என்பாய். சரி. இத்தனை வருஷமாக அந்தப் பலவீனமான சகோதரன் நீயா, அண்ணே?

நான் விசுவாசத்தை விட்டுவிட்டேன் என்று யாராவது வந்து உன்னிடம் சொல்வார்கள். இல்லை. முறுக்கு பிழியும்போது சங்கீதம் சொல்கிறேன், பாதியில் வரி மறந்தால் எண்ணெயைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறேன். எவ்வளவு நேரம் ஜெபித்தேன் என்று எதிலும் குறித்து வைப்பதில்லை. பணம் பாக்கி வைத்திருக்கிற வீட்டின் மேல் வரும் எரிச்சலைக்கூட அப்படியே ஆண்டவரிடம் சொல்ல முடிகிறது, முன்பெல்லாம் அதை மறைத்துவிட்டுத்தான் முழங்கால் போடுவேன். பக்கத்து வீட்டு ஆச்சிக்கு முடியாமல் போனால் கஞ்சி கொண்டு போகிறேன், சுவிசேஷக் கைப்பிரதி கொண்டு போவதில்லை. இது சோம்பேறியின் சுகம் என்று நீ நினைக்கலாம். பயம் போன பிறகுதான் எனக்கு வேலை கூடியிருக்கிறது.

காது குத்திக்கொண்டேன். எனக்குத் தூர்ந்துதான் போயிருந்தது, புதிதாகக் குத்த வேண்டியிருந்தது. சின்னக் கம்மல். இதை நீ பிறர் சொல்லிக் கேட்க வேண்டாம் என்பதற்காகவும் எழுதுகிறேன்.

நினைவு நாளன்று மதியம் என் வீட்டில் சாப்பாடு. ஆச்சி வருகிறார்கள், சருகணியிலிருந்து சித்தியும் வருகிறாள். ஆராதனை முடிந்து நீயும் வா, அண்ணியையும் கூட்டி வா. வந்தால் எல்லாரோடும் ஒரே பந்தியில் உட்கார வேண்டும், அடுப்படியில் இல்லை.

இன்னொன்று. பாப்பா போன வாரம் என் கம்மலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தனக்கும் குத்திவிடச் சொன்னாள். அப்பாவைக் கேள் என்று சொல்லி அனுப்பினேன். உன்னிடம் கேட்கப் பயப்படுகிறாள், அதனால் அவளுக்காக நான் கேட்கிறேன். பதிலை எனக்குச் சொல்ல வேண்டாம், அவளிடம் சொல்.

உன் தங்கச்சி