சாயும் சைப்ரஸ் கிளைகளை அடியோடு வெட்ட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பகுதிகளில் புதிய வீடுகளின் முகப்பிலும் தேவாலய வளாகங்களிலும் கூம்பு வடிவ சைப்ரஸ் மரங்களை அழகுக்காக நட்டு வளர்க்கிறார்கள். மழை வலுத்ததும் இவற்றின் கிளைகள் தண்டை விட்டு விலகி வெளிப்புறமாகத் தொங்குவதைக் கண்டு, மரமே கெட்டுவிட்டதென்று எண்ணி, ஆளை அழைத்து அவற்றை அடியோடு வெட்டுவதும் உச்சியைத் தறிப்பதும் வழக்கமாகி வருகின்றன. இவை இரண்டும் தேவையற்றவை என்பதோடு மரத்துக்குக் கேடும் ஆகும்.

இம்மரத்தின் தாயகமான மத்தியதரைக் கடல் பகுதியில் கோடை மழையின்றி வறண்டிருக்கும். நம் மாவட்டமோ தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறுகிறது. தண்ணீரும் தழைச்சத்தும் மிகும்போது கிளைகள் மெலிந்து நீள்கின்றன; நெருக்கமான செதில் இலைகள் மழைநீரைத் தாங்கிக் கனக்கின்றன; காய்களும் கொத்தாகப் பிடித்துவிட்டால், நிமிர்ந்து நின்ற கிளை அந்தப் பாரம் தாளாமல் சரிகிறது. காற்றும் சேர்ந்தால் சரிவு இன்னும் கூடும்; ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் காற்றின் வேகம் தோவாளை வட்டாரத்தாருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

முருங்கையும் பூவரசும் வெட்ட வெட்டத் தழைப்பதைப் பார்த்துப் பழகிய நாம், சைப்ரஸையும் அவ்வாறே நினைத்துவிடுகிறோம். பச்சை இலை இல்லாத பழுப்புக் கட்டை வரை வெட்டப்பட்ட சைப்ரஸ் கிளை பெரும்பாலும் மீண்டும் துளிர்ப்பதில்லை. அந்த இடம் நிரந்தர ஓட்டையாகவே நின்றுவிடும்.

ஆகவே, சரிந்த கிளையை முதலில் கையால் மெல்லத் தூக்கிப் பார்க்க வேண்டும். முறியாமல் பழைய இடத்துக்கு வருமானால், அதன் காய்களைப் பறித்துப் பாரத்தைக் குறைத்து, நுனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல், உட்புறம் பசுமையான பக்கக்கிளை பிரியும் இடத்துக்குச் சற்று மேலாகக் கவாத்து செய்தாலே (அளவாக வெட்டிச் சீர்படுத்தினாலே) பெரும்பாலும் போதும். அப்போதும் நிற்காத கிளைகளை, பழைய வேட்டித் துணியையோ சைக்கிள் டியூபையோ நீளவாக்கில் கிழித்து, இலைத்தொகுதிக்கு உள்ளே மறையுமாறு தளர்வாகத் தண்டோடு சேர்த்துக் கட்டலாம். கட்டுக்கம்பி கூடவே கூடாது. தண்டு பருக்கும்போது அது பட்டைக்குள் புதைந்து சாறோட்டத்தைத் தடுத்துவிடும். துணிக்கட்டையும் ஆண்டுக்கொரு முறை அவிழ்த்து மாற்ற வேண்டும். கவாத்துக்கு மழை ஓய்ந்த பிப்ரவரி ஏற்றது. கட்டும் வேலையை மே மாதத்துக்குள் முடித்துவிடுவது நல்லது. யூரியாவைத் தவிர்த்து, வேர் பிடித்த மரத்துக்குத் தண்ணீரையும் குறைத்தால் வருங்கிளைகள் உறுதிப்படும்.

எல்லாத் தொங்கலும் பாரத்தால் வருவதன்று. வயலை மண்ணிட்டு நிரப்பிய மனைகளில் நட்ட மரம் முழுவதுமே வாடி மஞ்சளித்தால், தேங்கிய நீரில் வேர் அழுகத் தொடங்கியிருக்கலாம். அங்கே வடிகாலைத்தான் கவனிக்க வேண்டும். ஒரு கிளை மட்டும் காய்ந்து, பட்டையில் பிசின் வழிந்தால் அது பூஞ்சை நோயின் அறிகுறியாக இருக்கலாம். அதை மட்டும் நலமான பகுதி வரை வெட்டி எரித்துவிட்டு, கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்த பின்னரே அடுத்த மரத்தைத் தொட வேண்டும். காஷ்மீர் சைப்ரஸ் போன்ற சில இனங்களுக்குத் தொங்குவதே இயல்பு. நெட்டிலிங்கத்தின் தொங்கும் கிளைகளை நாம் அழகென்று ரசிக்கவில்லையா?

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயலில் மரங்கள் விழுந்ததைக் கண்டவர்களுக்கு, சாயும் எதைக் கண்டாலும் அச்சம் எழுவது இயற்கையே. அடிமரமே சாய்ந்து, அதன் அருகில் மண் வெடித்து எழும்பியிருந்தால் அது ஆபத்துதான், தாமதிக்கக் கூடாது. கிளை மட்டும் விலகித் தொங்குவதை அதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளலாகாது.

கன்று விற்கும் நர்சரிகள், அது எந்த இனம், எவ்வளவு உயரம் வளரும், எப்போது கவாத்து செய்ய வேண்டும் என்பதைத் தமிழில் ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்கலாம். தோட்டக்கலைத் துறையும் பழம், காய்கறிப் பயிற்சிகளோடு அழகு மரங்களின் கவாத்தையும் சேர்த்து, வீட்டுத் தோட்டங்களில் கூலிக்கு மரம் வெட்டுவோரை அப்பயிற்சிக்கு அழைக்குமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.