பால்வாடிகளை ஒப்பிடும்போது எதைப் பார்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கத்துச் சிற்றூர்களில் மூன்று வயதுப் பிள்ளையைத் தெருக்கோடி அங்கன்வாடிக்கு அனுப்புவதா, நடுநிலைப் பள்ளி வளாகத்து எல்கேஜிக்கா என்ற பேச்சு ஓய்வதில்லை. 2019 ஜனவரியில் தமிழகத்தில் 2,381 மையங்களில் எல்கேஜி, யூகேஜி தொடங்கியதிலிருந்தே இப்படித்தான். அந்த வகுப்புகளும் அங்கன்வாடி மையங்களில் தொடங்கப்பட்டவையே என்பது பலருக்குத் தெரியாது. சுவர் ஓவியத்தையும் ஏபிசிடியையும் பார்த்து முடிவெடுத்துவிடுகிறார்கள்.

சொல்லாமல் கொள்ளாமல் காலை 11 மணிக்குப் போய்ப் பாருங்கள். பதிவேட்டில் உள்ள எண்ணிக்கைக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா? டீச்சர் அந்த மையத்துக்கே உரியவரா, பக்கத்து ஊரையும் கூடுதல் பொறுப்பாகப் பார்ப்பவரா? ஒருவர் இரண்டு மையங்களைப் பார்த்தால், அவர் இல்லாத நாளில் சமையலும் பிள்ளைகளும் ஆயா ஒருவர் தலையில்தான். பாட்டு, கதை, விளையாட்டு எல்லாம் அன்று நின்றுபோகும். எங்கள் கணிப்பில் மையத்துக்கு மையம் உள்ள பெரிய வேறுபாடு இதுதான், கட்டடம் அல்ல.

எடை போடும் நாளில் கட்டாயம் போங்கள். தொங்கு தராசில் வெறும் தொட்டிலை மாட்டி முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த பிறகே குழந்தையை வைக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் தொட்டிலின் எடையும் குழந்தையின் கணக்கில் சேர்ந்து, மெலிந்த பிள்ளை சரியாக இருப்பதாகப் பதிவாகும். இரண்டு வயதுக்குள் படுக்கவைத்தும், அதற்கு மேல் நிற்கவைத்தும் உயரம் அளக்க வேண்டும். மாற்றி அளந்தால் சுமார் 0.7 செ.மீ. பிசகும். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையின் இடது மேற்கைச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே இருந்தால் கடும் மெலிவு. உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போக வேண்டும். நாடாவை இறுக்கிப் பிடித்தாலும் அளவு பொய்யாகும்.

மூன்று வயதில் பென்சில் பிடிக்க வைப்பதைத் தரம் என்று நினைக்காதீர்கள். விரல்கள் அதற்குத் தயாராக வேண்டும். களிமண் உருட்டுவதும் காகிதம் கிழிப்பதும் அதற்கான வேலைதான். கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்பதையும் பாருங்கள்.

ஒவ்வொரு கிராம சபையிலும் ஊராட்சியின் எல்லா மையங்களுக்கும் வருகை, காலியிடம், எடை குறைந்த பிள்ளைகளின் எண்ணிக்கை ஆகியவற்றை, பிள்ளைகளின் பெயர் சொல்லாமல், அருகருகே வாசிக்க மாவட்ட நிர்வாகம் ஆணையிட வேண்டும். ஆள் இல்லாத மையங்களை வரும் ஜூனுக்குள் நிரப்ப வேண்டும்.

குழந்தைகள் மையப் பணியில் இருந்தவர்கள்,
அணைக்கட்டு வட்டாரம், வேலூர் மாவட்டம்