சிப்பாங்ல நடந்த தப்புக்கு சிப்பாங்லயே பெனால்டி குடுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

உங்க விளையாட்டுப் பக்கத்துல வர்ற கார் ரேஸ், மோட்டார் ரேஸ் செய்திய தவறாம படிக்கிற ஆளு நான். ரேஸ்ல ஒருத்தரு தப்பு பண்ணா அதுக்குண்டான பெனால்டிய அந்த ரேஸ் ஓடிக்கிட்டு இருக்கும்போதே குடுத்துடணும், கொடி காட்டி கோப்பைய குடுத்து ஜனங்க எல்லாம் கார் பார்க்குக்கு நடக்க ஆரம்பிச்சப்புறம் ஒரு ரூமுக்குள்ள உக்காந்து முடிவு பண்றது கொஞ்சமும் சரியில்லைங்கறதுதான் என்னோட கருத்து. நம்ம மலேசியாவோட சிப்பாங் ரேஸ் மைதானத்துலயே இது எத்தனை தடவை நடந்திருக்கு பாருங்க.

மொதல்ல எல்லாருக்கும் ஞாபகம் இருக்கறது 2015 அக்டோபர் மோட்டோஜிபி, அதாவது மோட்டார் பைக் உலகப் போட்டி. நான் 46ம் நம்பர் பைக் ஓட்டின இத்தாலிக்காரர் ரோஸி கட்சி, அத மறைக்கல, இந்த ஊர்ல மஞ்சள் சட்டையும் 46 ஸ்டிக்கரும் இல்லாத தாமான் (குடியிருப்பு) எது? ஆனா அன்னிக்கு ரோஸி பண்ணது தப்புதான். பதினாலாவது வளைவு, ஏழாவது லாப். ரோஸி உள்பக்கமா வந்து இன்னொரு பைக்ல வந்த மார்க்கேஸ வெளிய தள்ளிக்கிட்டே போறாரு, வேகமா போக வசதியான பாதையான ரேஸிங் லைன விட்டு ரொம்ப தூரம், வேகத்தையும் குறைச்சு திரும்பி மார்க்கேஸோட முகத்தையே பாக்கறாரு, மார்க்கேஸ் வளைய வர்றாரு, ரெண்டும் உரசுது, ரோஸியோட இடது காலு, கால் வைக்கிற பெக்க விட்டு விலகுது, மார்க்கேஸ் கீழ விழறாரு. காலால உதைச்சாரா இல்லையான்னு இன்னும் மாமாக் டீக்கடைல தே தாரே ஆறிப்போற வரைக்கும் சண்டை போடறாங்க. என்னைக் கேட்டா அந்தக் காலு விஷயமே தேவையில்ல, வேணும்னே ஒருத்தர லைன விட்டு வெளிய கொண்டுபோனாரே, அது ஒண்ணே போதும் பெனால்டிக்கு.

இப்ப கணக்க பாருங்க. ரேஸ் மொத்தம் 20 லாப். ஏழாவது லாப்ல விழுந்தாச்சு, இன்னும் 13 லாப் இருக்கு, ஒரு லாப் ரெண்டு நிமிஷம்னு வெச்சா கூட 26 நிமிஷம். அந்த 26 நிமிஷத்துல டிவில நாம பத்து ஆங்கிள்ல ரீப்ளே பாத்தாச்சு, ரேஸ் டைரக்‌ஷன்ல இருக்கறவங்களுக்கு நம்மள விட அதிக கேமரா இருக்கு. அப்பவே ரைட் த்ரூ பெனால்டி குடுத்திருந்தா ரோஸி வேகத்த குறைச்சு பிட் லேன் வழியா போய்ட்டு வந்திருப்பாரு, பின்னாடி போயிருப்பாரு, கதை அங்கயே முடிஞ்சிருக்கும். என்ன நடந்துச்சு? பெட்ரோசா மொதலாவது, லொரென்சோ ரெண்டாவது, ரோஸி மூணாவதா போடியம் ஏறி 16 புள்ளிய வாங்கிக்கிட்டாரு, விழுந்த மார்க்கேஸுக்கு ஒண்ணும் இல்ல. அதுக்கப்புறம்தான் ரோஸி, மார்க்கேஸ் ரெண்டு பேரையும் கூப்பிட்டு விசாரிச்சு ரோஸிக்கு மூணு பெனால்டி பாயிண்ட். ஏற்கனவே மிசானோ ரேஸ்ல வாங்கின ஒரு பாயிண்ட் இருந்ததால மொத்தம் நாலு, நாலு வந்தா அடுத்த ரேஸ்ல கடைசி இடத்துல இருந்து கிளம்பணும்னு அன்னிக்கு விதி.

அடுத்த ரேஸ் எது? ஸ்பெயின்ல வலென்சியா, சீசனோட கடைசி ரேஸ். சிப்பாங்ல இருந்து கிளம்பும்போது சாம்பியன் பட்டப் போட்டில ரோஸி லொரென்சோவ விட 7 புள்ளி முன்னால. வலென்சியால கடைசில இருந்து கிளம்பி நாலாவது வந்தாரு, அது எவ்வளவு பெரிய ஓட்டம்னு பாத்தவங்களுக்குத் தெரியும். ஆனா லொரென்சோ ஜெயிச்சாரு, 5 புள்ளில சாம்பியன் பட்டம் போச்சு. ரோஸி விளையாட்டு நீதிமன்றம் வரைக்கும் போய்ப் பாத்தாரு, தண்டனைய நிறுத்தி வைக்கச் சொன்னத அவங்க ஏத்துக்கல. நான் பட்டம் போச்சேன்னு இத எழுதல. மலேசியால பண்ண தப்புக்கு மலேசியால கிடைச்ச பலன் முழுசா அவர் கைல இருக்கு, தண்டனை மட்டும் ஸ்பெயின்ல. லொரென்சோ கட்சிக்காரங்களும் தண்டனை பத்தாதுன்னு கத்தினாங்க, நாங்களும் அதிகம்னு கத்தினோம், ரெண்டு பக்கமும் திருப்தி இல்ல, ஏன்னா தப்பும் தண்டனையும் வேற வேற ரேஸ்ல நடந்தது.

அடுத்தது நம்ம கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன். 2012 மார்ச், சிப்பாங்ல பார்முலா 1 கார் ரேஸ், செம மழை, ரேஸையே சிவப்புக் கொடி காட்டி நிறுத்தி வெச்சாங்க. ஹெச்ஆர்டி டீம் மாதிரி ஒரு ஓட்டைக் கார வெச்சுக்கிட்டு ஆரம்பத்துலயே முழு மழை டயர் போட்ட புத்திசாலித்தனத்தால பத்தாவது இடம் வரைக்கும் வந்து நின்னாரு, நம்மாளு பேரு முதல் பத்துல ஸ்கிரீன்ல வந்தப்ப எவ்வளவு சந்தோஷம். ரேஸ் மறுபடி ஆரம்பிச்சப்புறம் ஜென்சன் பட்டன்ங்கற ரேஸர் வந்து அவர் மேல இடிச்சு தன்னோட முன் இறக்கைய உடைச்சுக்கிட்டாரு, தப்பு தன் மேலதான்னு பட்டனே ஒத்துக்கிட்டாரு. அதுக்கு பெனால்டி இல்ல. கடைசில வெட்டல் ஒரு லாப் முந்திப் போகும்போது கார்த்திகேயனோட முன் இறக்கைல உரசி வெட்டலோட பின் டயர் கிழிஞ்சுது, நாலாவதா ஓடிக்கிட்டு இருந்தவரு பதினொண்ணாவதா முடிச்சாரு, கோபத்துல கார்த்திகேயன வாய்க்கு வந்தபடி பேசினாரு. ரேஸ் முடிஞ்சப்புறம் 20 செகண்ட் பெனால்டி யாருக்கு? கார்த்திகேயனுக்கு. வெட்டல்தான் முழுசா தாண்டறதுக்கு முன்னாடியே லைனுக்கு திரும்பினாருன்னுதான் நான் இன்னமும் சொல்லுவேன். ஒரு கண்ணுல வெண்ணெய் இன்னொரு கண்ணுல சுண்ணாம்பு. பட்டன் நஷ்டப்பட்டது தன் காரு மட்டும்தானேன்னு சிலர் சொல்வாங்க, சரி, ஆனா பெனால்டி குடுக்கறது தப்புக்கா இல்ல யாருக்கு எவ்வளவு நஷ்டம்ங்கறதுக்கா?

1999ல நம்ம நாட்டோட முதல் பார்முலா 1 ரேஸ்ல இர்வைன், ஷூமாக்கர் ரெண்டு பேரையும் பார்ஜ்போர்ட்ங்கற கார் பக்கவாட்டுப் பலகையோட அளவு தப்புன்னு நீக்கிட்டு பாரிஸ்ல அப்பீல்ல திருப்பிக் குடுத்தாங்களே, அத நான் இதோட சேக்கல. காரு அளவு எடுக்கறது ரேஸுக்கப்புறம்தான் முடியும்.

சரியா செய்யவும் முடியும்ங்கறதுக்கும் சிப்பாங்லயே உதாரணம் இருக்கு. 2016 பார்முலா 1 ரேஸ்ல ரோஸ்பெர்க் ராய்க்கோனன இடிச்சுட்டு முந்தினாரு, ரேஸ் ஓடும்போதே 10 செகண்ட்னு ஸ்கிரீன்ல வந்துடுச்சு. அதுக்கப்புறம் ஒவ்வொரு லாப்பும் இடைவெளி எவ்வளவு எவ்வளவுன்னு எண்ணிக்கிட்டே பாத்தோம், 10 செகண்டுக்கு மேல இழுத்துட்டாரு, மூணாவது இடத்த காப்பாத்திக்கிட்டாரு. வேகமான கார் வெச்சிருக்கறவனுக்கு 10 செகண்ட் வலிக்காதுன்னு ஒரு குறை இருக்கு, அது நியாயமான குறைதான், அதுக்கு இடத்த திருப்பிக் குடுக்க வைக்கலாம். ஆனா என்ன தண்டனைன்னு ஓட்டறவருக்கும் தெரியும் பாக்கறவனுக்கும் தெரியும். 2019 கனடால வெட்டலுக்கு 5 செகண்ட் குடுத்தப்ப கூட ஜனங்க கூச்சல் போட்டாங்க, வெட்டல் முதல்ல வந்தும் வெற்றி ஹாமில்டனுக்குதான் போச்சு, ஆனாலும் கோட்ட தாண்டும்போதே யாரு ஜெயிச்சாங்கன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருந்துச்சு.

இன்னொண்ணு, பார்முலா 1ல பெனால்டி முடிவு பண்ற ஸ்டூவர்ட்ஸ் ரேஸுக்கு ரேஸ் மாறறாங்க, அதனால ஒரே தப்புக்கு ஒரு ஊர்ல ஒரு தண்டனை இன்னொரு ஊர்ல வேற. 2025ல எந்தத் தப்புக்கு எவ்வளவு பெனால்டிங்கற பட்டியல கார் ரேஸ நடத்துற உலக அமைப்பான எஃப்ஐஏ பொதுவுல வெளியிட்டது நல்ல ஆரம்பம், ஆனா நிரந்தரமா ஒரே ஆளுங்கள வெச்சாதான் அந்தப் பட்டியல ஒரே மாதிரி படிப்பாங்க. மோட்டோஜிபில அப்படி நிரந்தரக் குழு இருக்கு, அங்க தேவைப்படறது முடிவுக்கான காரணத்த அன்னிக்கே விளக்கமா சொல்றது.

ஆசிரியர் ஐயா, உங்க பக்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். பார்முலா 1 2017-ஓட நம்ம நாட்ட விட்டுப் போயிடுச்சு, மோட்டோஜிபி வருஷா வருஷம் வருது. அடுத்த சிப்பாங் ரேஸ் முடிஞ்ச மறுநாள் முதல் மூணு பேரு படம் போடறதோட சேத்து யாருக்கு என்ன பெனால்டி, எந்த லாப்ல, என்ன காரணம் சொன்னாங்கன்னு ஒரு சின்னக் கட்டம் போட்டு எழுதுங்க.

இப்படிக்கு,
செந்தூல் வாசகர் ஒருவர்,
கோலாலம்பூர்