மண்டபத்து ஜமக்காளங்களைக் காக்க நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

அம்மாப்பேட்டையில் நம் தெரு மண்டபத்துக்குச் சொந்தமான நான்கு பழைய பருத்தி ஜமக்காளங்களும், மணமேடை முன் விரிக்கும் 12க்கு 9 அடி கம்பளமும் பழுதாகிக் கிடக்கின்றன. புதிதாக வாங்கித் தருவதாகச் சிலர் சொன்னீர்கள், நன்றி. ஆனால் இவை தூக்கிப்போடும் நிலையில் இல்லை. பாவு, அதாவது நெசவின் நீளவாக்கு நூல், நன்றாகவே இருக்கிறது.

கம்பளத்தின் ஒரு மூலையில் உள்ளங்கை அகலத்துக்குக் கம்பளி முடிச்சே இல்லை. பருத்திப் பாவு மட்டும் வெள்ளையாகப் பல்லிளிக்கிறது. பூச்சி கம்பளியைத் தின்றுவிட்டுப் பருத்தியை விட்டுவைத்திருக்கிறது. ஜமக்காளங்களில் ஊடை (குறுக்கு நூல்) முறிந்திருப்பது எல்லாம் மடிப்பு விழுந்த இடத்தில்தான். ஒன்றில் யாரோ பசை தடவி ஒட்டுத்துணி வைத்திருக்கிறார்கள். பசை இறுகிப் பலகையாகி, அதன் ஓரத்திலேயே புதுக் கிழிசல் ஓடியிருக்கிறது.

கம்பளத்தைப் பாலித்தீனில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 20 டிகிரி குளிர் அறையில் ஒரு வாரம் வைத்தால் புழுவும் முட்டையும் சாகும். வெளியே எடுத்ததும் கட்டை அவிழ்க்கக் கூடாது, ஒரு நாள் பொறுக்க வேண்டும். இல்லாவிட்டால் குளிர்ந்த கம்பளியில் ஈரம் கோத்துப் பூஞ்சை வரும். பிறகு நைலான் வலையை மேலே விரித்து, குறைந்த வேகத்தில் வேக்குவம் போடுவோம்.

ஈர வெள்ளைத்துணியை ஒற்றிப் பார்த்ததில் இரண்டு ஜமக்காளங்களின் சிவப்புப் பட்டை சாயம் விட்டது. அவற்றுக்குத் தண்ணீரே காட்டப்போவதில்லை. மற்ற இரண்டையும் ஆர்.ஓ. தண்ணீரில்தான் அலச வேண்டும். போர் தண்ணீரின் உப்பு நூலில் தங்கி மொரமொரவென்றாகிவிடும். காயவைப்பது நிழலில், தரையில் பரப்பி. கொடியில் போட்டால் ஈரக் கனமே கிழித்துவிடும்.

கிழிசலுக்கு அடியில் பருத்தித் துணி கொடுத்து, வளைந்த ஊசியால் நீள இழை ஓட்டி, குறுக்கே சிறு தையலால் அமர்த்த வேண்டும். பொறுமையான வேலை, செலவும் இதில்தான். இரண்டு பேருக்கு 35 நாள், நாளுக்கு 800 ரூபாய் வீதம் 56,000. குளிர் அறைக்கு 6,000. நூல், வலை, தண்ணீர், சுருட்டி வைக்கும் உருளைகளுக்கு 14,000. ஆக 76,000 ரூபாய். கையில் இருப்பது 31,000. இன்னும் 45,000 வேண்டும்.

பணத்தைப் பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பணம் தர இயலாதவர்கள் பழைய பருத்தி வேட்டி தரலாம். அடித்துணிக்கு அதைவிட நல்லது கிடையாது. கஞ்சியும் நீலமும் போகத் துவைத்து, சாயக்கரையை வெட்டிவிட்டுக் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
மண்டபப் பராமரிப்புக் குழு